மூன்றாவது வேல்

அத்தியாயம் 9

ரம்பம் ஏற்கெனவே மேஜைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் இசைவாணிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். குரல் இன்னும் சன்னமாகிவிடும். மூன்று வருடமாக அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் குப்பை கொட்டும் அழகுபாண்டிக்கு அது தெரியும். அவன் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான்.

"அஞ்சு மணிக்குத்தானே அறுக்கப் போறீங்க? இப்ப மணி ஒண்ணு."

"எண்ணெய் போட்டு வைக்கணும்லம்மா" என்றார் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் செயலாளர் பாண்டியராஜன். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் பாவனை. அவருடைய மேஜையில் பேனா ஸ்டாண்டு, பதிவேடு, ஒரு கறுப்பு ஹெல்மெட் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

மதுரை கே.கே. நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. நான்கு பில்லியர்ட்ஸ் மேஜைகள், பச்சைத் துணி, ஓயாமல் இருமும் ஒரு ஏசி. கையால் செய்த கியூக்களுக்கு, அதாவது பந்தைக் குத்தி ஆடும் கோல்களுக்கு, இங்கே போட்டி நடந்துகொண்டிருந்தது. பதினொரு கியூக்கள் வந்திருந்தன. போன மாதமே வாங்கி, செய்தவர் பெயரை மறைத்து, எண் ஒட்டி வைத்திருந்தார்கள். நேற்று மதியம் வரை நாலாம் எண்தான் முன்னால் நின்றது. நேற்று மாலை அதன் இரட்டைப் பிறவி வந்து சேர்ந்தது.

யாரோ பெயர் போடாத கடிதத்தோடு ஒரு கியூவை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'உங்கள் நாலாம் எண் மெஷின் சரக்கு. மாட்டுத்தாவணியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஆறு மாதமாகத் தொங்குகிறது.'

பெயரைத் திறந்து பார்த்தார்கள். ஒச்சாயி. கீழக்குயில்குடியில் மரக்கடைசல் பட்டறை வைத்திருப்பவள். போலி என்று முடிவானால் கியூவை எல்லோர் முன்னாலும் இரண்டாக அறுப்பது, செய்தவரின் பெயருக்கு நேரே பதிவேட்டில் 'மோசடி' என்று எழுதுவது. இந்த வருடம்தான் சேர்த்த விதி. அப்படி எழுதிவிட்டால் அதன் பிறகு எந்த ஊர் கிளப்பும் அவளிடம் ஒரு கியூ வாங்காது.

காலையில் விடிந்தும் விடியாமலும் ஒச்சாயி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். "இந்தக் கையப் பொய்யிங்கிறாய்ங்க தாயி" என்றாள். அழவில்லை. அதுதான் இசைவாணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"யார் இதைப் போலின்னு சொன்னது?"

"நான்தான்" என்றது ஒரு குரல்.

நடுவர் நல்லகாமன் எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் மாநில ஆட்டக்காரர். கழுத்தில் நூல் கட்டிய பூதக்கண்ணாடி தொங்கியது. அவர் கியூவைத் துணிமேல் உருட்டிப் பார்த்தாரானால் எங்கே வளைகிறது என்று சொல்லிவிடுவார். இரண்டு துண்டாக வரும் கியூவைத் திருகிப் பூட்டி விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே பொருத்து சரியா என்று சொல்லிவிடுவார்.

"பொம்பளை செஞ்சதுன்னா நம்பமாட்டீங்களோ?"

"செஞ்சது ஆணா பொண்ணான்னு எனக்கு நேத்து சாயங்காலம்தாம்மா தெரியும். எண்பது மார்க் அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். வேல் மார்க் இருபதுதான் பாக்கி." அவர் குரலிலும் சூடு இருந்தது. "இங்க வா. பாரு."

மேஜையில் இரண்டு கியூக்களும் அருகருகே கிடந்தன. மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்த உடம்பு. பிடியிலிருந்து மேல்நோக்கி, ஈட்டி மரத்தில் இழைத்துப் பதித்த நான்கு கறுத்த வேல்கள். கூர்மையென்றால் கண்ணில் குத்தும் கூர்மை. கோயில் தூணிலிருந்து உருவி எடுத்த மாதிரி இருந்தது. நாலாம் எண்ணில், வேல் முனைகளுக்கு அருகே நீலச் சாக்பீசில் குறுக்கே ஒரு கோடு. அறுக்க வேண்டிய இடம்.

"மூணாவது வேலைப் பாரு. மத்த மூணைவிட ஒரு நூல், அரைக்கால் அங்குலம், குட்டை. சரி, கை வேலையில அப்படி வரும். தப்பில்லை." நல்லகாமன் இரட்டையைத் திருப்பினார். "இதுலயும் பாரு. அதே மூணாவது வேல். அதே ஒரு நூல் குட்டை. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணாம்ல. சொல்லு. கை ஒரே தப்பை ரெண்டு தடவை அச்சுப் பிசகாமப் பண்ணுமா?"

இசைவாணி கைப்பையைத் திறந்தாள். மெல்லிய தாளை இரண்டு கியூக்களிலும் சுற்றி, பென்சிலால் தேய்த்து, வேல்களின் வடிவத்தைத் தனித்தனியே எடுத்தாள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒரே படம்போல இருந்தது. ஒரு மயிர் கூட விலகவில்லை.

கிழவர் சொன்னது சரி. அவருடைய கணக்கில் ஓட்டை இல்லை. அதனாலேயே அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

படி இறங்கும்போது அழகுபாண்டி மெதுவாகக் கேட்டான். "ரெட்டைப் புள்ளைக்கே மச்சம் இடம் மாறும். இது என்னக்கா?"

"வண்டியை எடு."

"அடியாத்தி. இம்புட்டு சன்னமாப் பேசுறீங்க. இன்னைக்கு யாரோ செத்தாய்ங்க."

*

மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட் கலைந்து, மிதிபட்ட மல்லிகை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. விளையாட்டுச் சாமான் கடை பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்தது. மேற்குப் பார்த்த கடை. முதலாளி கருத்தக்கண்ணன் கேரம் போர்டுகளுக்கு நடுவே இருந்து எட்டிப் பார்த்தான்.

"ஆறு மாசமா இங்கதான் தொங்குச்சு மேடம். எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்றேன்."

"எந்த ஆணியில?"

அவன் சுவரில் ஓர் ஆணியைக் காட்டினான். இசைவாணி அதன் பக்கத்தில் தொங்கிய டென்னிஸ் மட்டையைக் கழற்றினாள். ஊதாச் சுவர் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மட்டை இருந்த இடம் மட்டும் மட்டை வடிவத்திலேயே அழுத்தமான ஊதாவாக இருந்தது. அடுத்திருந்த கிரிக்கெட் பேட்டைக் கழற்றினாள். அதற்கும் பின்னால் ஒரு ஊதா பேட்.

கருத்தக்கண்ணன் காட்டிய ஆணிக்குக் கீழே சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளுப்பு.

"ஆறு மாசம் வெயிலை மறைச்ச கியூ, சுவத்துல ஒரு கோடுகூடப் போடலையே அண்ணே."

கருத்தக்கண்ணன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான்.

"சத்தியம் பண்ண சாமி யாருன்னு மட்டும் சொல்லிருங்கண்ணே. நாங்க அந்தப் பக்கம் போயி சமாதானம் சொல்லிக்கிறோம்" என்றான் அழகுபாண்டி.

"பத்து நாளைக்கு முன்னாடி ஒருத்தர் கொண்டாந்தாரு" என்று கருத்தக்கண்ணன் முனகினான். "ஒரு நாள் தொங்கவிடச் சொன்னாரு. மறுநாள் அவரே வந்து கடை விலைச் சீட்டை ஒட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு. யாரு கேட்டாலும் ஆறு மாசம்னு சொல்லணும், பெரியவர் உத்தரவுன்னாரு."

"எந்தப் பெரியவர்?"

"அந்தக் கிளப்புல பெரியவர்னா ஒருத்தர்தானே. நல்லகாமன் அய்யா. அவருகூட நேத்து ராத்திரி போன் போட்டு, ஆறு மாசமா இருந்துச்சான்னு கேட்டாரு. அவரே அனுப்பிட்டு அவரே கேக்குறாரேன்னு நினைச்சேன். பெரிய மனுசங்க, என்னமோ இருக்கும்னு ஆமான்னுட்டேன்."

"கொண்டாந்த ஆளு எப்படி இருந்தாரு?"

"முகம் தெரியலையே மேடம். கடைசி வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை."

"ஹெல்மெட்டா? அப்ப நம்ம ஊர்க்காரர் இல்லக்கா" என்றான் அழகுபாண்டி.

அவள் சிரிக்கவில்லை. நல்லகாமன் என்ற பெயர் மட்டும்தான் அவள் மண்டைக்குள் ஏறியிருந்தது. கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு எவ்வளவு நிதானமாகக் கணக்குச் சொன்னார். கேள்வியை அவரே தயாரித்திருந்தால் விடை ஏன் தெரியாது?

ஆனால் கடைக்காரன் பொய் சொன்னான் என்பதை வைத்து ஒச்சாயியைக் காப்பாற்ற முடியாது. இரண்டுமே ஒரே மெஷினில் பிறந்தவை என்று கிழவர் சொன்னால், இல்லை என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

*

கீழக்குயில்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. சமணர் மலையின் நிழல் இன்னும் சாலைக்கு வரவில்லை. பட்டறைக்குள் லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சாயி கட்டில் கால் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தாள். உளியிலிருந்து மரச்சுருள் சீறிக்கொண்டு விழுந்தது. இன்றைக்கு அந்தக் கட்டில் கால் யாரோ ஒருவருடைய கழுத்து என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அத்தே, கட்டில்ல படுக்கப்போறவன் பாவம்" என்றான் அழகுபாண்டி.

அவள் லேத்தை நிறுத்தினாள். "என்ன சொன்னாய்ங்க?"

இசைவாணி தாளை விரித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. மூணாவது வேல் ஏன் குட்டை?"

ஒச்சாயியின் முகம் கறுத்தது. "ஓ. உனக்கும் கண்ணு தெரிஞ்சு போச்சா? ஒரு நூலுக்கு அம்புட்டுப் பேரும் வந்து நிக்கிறீக."

"திட்டுங்க. ஆனா சொல்லுங்க. கை தவறிடுச்சா?"

"எனக்கா?" அவள் கையிலிருந்த உளி ஒரு கணம் இசைவாணியை நோக்கி நீண்டது. "கணு தாயி, கணு. வேல் முனை போய் முடியிற இடத்துல கடுகு மாதிரி ஒரு கணு. உளி அதுல பட்டா மரம் தெறிச்சுரும். ஒரு நூலுக்கு முன்னாடியே நின்னுட்டேன். மரத்தை வாங்குறப்பவே பாத்திருக்கணும். பாக்கலை. அது என் தப்புத்தான். மறைக்கல. மேல மெருகெண்ணெய் போட்டதுல மங்கலாத் தெரியும், அம்புட்டுத்தான்."

இசைவாணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பென்சில் வடிவத்தைத்தான் எடுத்திருந்தது. நிறத்தை எடுக்கவில்லை.

"அக்கா, வரும்போது ரோட்டுல ஒரு வளைவு இருந்துச்சுல்ல" என்றாள் திடீரென்று.

"ஆமா. பெரிய பாறை ஒண்ணு கிடக்கு. அதச் சுத்திப் போகுது."

"அந்த ரோட்டை ஒருத்தன் அப்படியே அளந்து வேற ஊர்ல போடுறான். வளைவையும் போடுறான். பாறையைக் கொண்டுபோக முடியுமா?"

ஒச்சாயிக்குப் புரிய ஒரு விநாடிதான் ஆயிற்று. உளியைக் கையோடு எடுத்துக்கொண்டாள். சேலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டக்கூட இல்லை. வாசலில் நின்ற எக்செல் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள்.

"நான் முன்னாடி போறேன். நீங்க வந்து சேருங்க."

"அக்கா, அந்த உளியை மட்டும் இங்கயே வச்சுட்டு வாங்க" என்றாள் இசைவாணி.

*

ஐந்துக்கு எட்டு நிமிடம். கிளப்பில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். நாலாம் எண் கியூ பிடிப்பானில் இறுகியிருந்தது. பாண்டியராஜன் ரம்பத்தை எடுத்து நல்லகாமனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் இசைவாணி. சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் முதலில் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் திரும்பினார்கள்.

"மறுபடியும் என்னம்மா?" என்றார் பாண்டியராஜன்.

அவள் நேராக நல்லகாமனிடம் போனாள். "கை ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணாதுன்னு சொன்னீங்க. ஒத்துக்கிறேன். இது தப்பே இல்லை. விலகல். விலகுறதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் கண்ணாடியை மூணாவது வேல் முனைக்கு மேல வைங்க."

அவர் அவளை முறைத்துவிட்டுக் குனிந்தார். நீலக் கோட்டை விரலால் துடைத்தார். கண்ணாடியை வைத்தார்.

"கணு" என்றார்.

"எவ்வளவு தள்ளி?"

"முனையை ஒட்டி. ஒரு நூலுக்குள்ள."

"இப்ப இரட்டையைப் பாருங்க. அதே இடம்."

அவர் பார்த்தார். கியூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே மஞ்சக்கடம்பு பால் மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இங்க கணு இல்லை" என்றார் மெதுவாக. "பிறகு ஏன் வேல் இங்க நிக்கணும்?"

"ஏன்னா அது மரத்தைப் பாத்துச் செய்யலை. ஒச்சாயி அக்காவோட கியூவை அளவெடுத்துச் செஞ்சது. கம்ப்யூட்டர் லேத் வளைவைக் காப்பியடிக்கும். பாறையைக் காப்பியடிக்காது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்னே கிளம்பியும் எக்செல்லில் பின்தங்கிய ஒச்சாயி அப்போதுதான் படியேறிக் கதவருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

இசைவாணி விடவில்லை. நாள் முழுக்கச் சேர்த்து வைத்த கோபம் இருந்தது. "ஒரு மாசமா கியூ உங்க எல்லார் கைலயும்தான் இருந்துச்சு. கடையில ஆறு மாசம்னு சொல்லச் சொன்னது 'பெரியவர்'னு கடைக்காரர் சொல்றாரு. சொல்லுங்கய்யா. ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

நல்லகாமனின் முகம் சிவந்தது. "நானா? நானே அனுப்பியிருந்தா ராத்திரி பத்து மணிக்கு அவனைப் போன் போட்டு எழுப்பி ஏன்டீ கேக்குறேன்?"

கருத்தக்கண்ணன் இதையேதான் சொன்னான். அவள் காதில் விழுந்தது, மண்டைக்குள் ஏறவில்லை. கிழவரைப் பிடிக்கவில்லை. அதனால் அவருக்கு அவளே மார்க் போட்டுவிட்டிருந்தாள்.

அவள் பார்வை கியூவின்மேல் மீந்திருந்த நீலத் தடத்துக்குப் போனது. ரம்பம் விழ வேண்டிய இடம். சரியாகக் கணுவின் மேல்.

"அய்யா, ஒரு கியூவை ரெண்டா அறுக்கணும்னா எங்க அறுப்பீங்க?"

"நடுவுலதான்."

"இங்க ஏன் கோடு போட்டீங்க? ரம்பம் தின்னது போக அந்தக் கணு மிச்சமே இருந்திருக்காது."

"கோடு நான் போடலை" என்றார் நல்லகாமன். சொல்லிக்கொண்டே அவர் தலை மெல்லத் திரும்பியது. "விதியைச் சேத்ததும் நான் இல்லை. கோடு போட்டதும் நான் இல்லை. ரெண்டும் செயலாளர்."

முப்பது தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பாண்டியராஜனின் கை மேஜையில் இருந்த ஹெல்மெட்டை நோக்கிப் போனது. அங்கே ஹெல்மெட் இல்லை.

அது அழகுபாண்டியின் தலையில் இருந்தது. அவன் வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானமே பாத்தேண்ணே. இந்த ஊர்ல ரெண்டாவது மாடி வரைக்கும் ஹெல்மெட்டைப் பத்திரமாத் தூக்கிட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான். கருத்தக்கண்ணனுக்கு வீடியோ கால் போடவா? ஹெல்மெட்டை நீங்க போட்டுக் காட்டுனா ஆளைச் சொல்லிருவாரு. ஹெல்மெட் இல்லாமதான் அவருக்கு உங்களை அடையாளம் தெரியாது."

பாண்டியராஜன் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்ன பெரிய குத்தம்? ஒருத்தி வருசத்துக்குப் பத்து கியூ செய்வா. மெஷின் மாசத்துக்கு இருநூறு செய்யும். நம்ம சங்கத்துப் பேர்ல ஊர் ஊருக்குப் போகும்னு பாத்தேன்."

"அதுக்கு நீ என்கிட்டல்ல வந்து கேட்டிருக்கணும்?" என்று தொடங்கிய நல்லகாமன் நிறுத்திக்கொண்டார். "இல்லை. நீ அவகிட்டல்ல போயிக் கேட்டிருக்கணும்?"

"கேட்டா குடுத்திருப்பாளா?"

"மாட்டேன்" என்றாள் ஒச்சாயி. கிளப்புக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அதான்" என்றார் பாண்டியராஜன், அது ஒரு நியாயம் போல. "இந்த டிசைன் என்னுதுன்னு சொல்ல ஆள் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான். காப்பி வந்த பிறகுதான் அந்தப் பாழாப்போன கணு கண்ணுலயே பட்டுச்சு."

நல்லகாமன் பிடிப்பானைத் தளர்த்தி நாலாம் எண்ணை வெளியே எடுத்தார். தன் துண்டால் நீலத்தைத் துடைத்தார். ரம்பத்தை ஒச்சாயியிடம் நீட்டி, இரட்டையைக் காட்டினார். "விதிப்படி போலியை அறுக்கணும். உன் கையாலயே அறுத்துரு."

ஒச்சாயி ரம்பத்தை வாங்கினாள். அதன் பல்லைக் கட்டைவிரலால் தடவினாள். பாண்டியராஜனை ஒரு பார்வை பார்த்தாள். ரம்பத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"இதை அறுத்துப்புட்டா இந்தாளு மேல போலீஸ்ல எதைக் காட்டுறது? முழுசா இருக்கட்டும்."

அழகுபாண்டி ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொன்னான். "அக்கா, இவுகளை நம்ம ஆபீசுல சேத்துக்குவோம். என் சம்பளத்துல பாதி."

நல்லகாமன் பதிவேட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேல் வேலைக்கான இருபது மார்க்தான் நாலாம் எண்ணுக்கு எழுதாமல் பாக்கி இருந்தது. மற்ற எண்பதில் எழுபத்தாறு. "இருபதுக்கு இருபது" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். "தொண்ணூத்தாறு. ஏழாம் நம்பர் தொண்ணூத்தஞ்சு. நீதான் முதல்."

"ஒரு நிமிசம்" என்றாள் ஒச்சாயி. "மூணாவது வேல் குட்டையில்ல?"

"அது கணுவுக்காக விலகுனது."

"ஏழாம் நம்பர்காரரு வேல் ஒரு நூல் குட்டையா இருந்திருந்தா எம்புட்டுக் குறைப்பீக?"

அவர் பேனாவைப் பார்த்தார்.

"சொல்லுங்கய்யா."

"ரெண்டு."

"கணு இருக்குன்னு அவரு சொன்னா விட்டுருவீகளா?"

"விடமாட்டேன். மரம் பாத்து எடுக்குறதும் வேலையில சேத்திதான்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன? என்னைக் கள்ளின்னு சொல்லிட்டோமேன்னு ரெண்டு மார்க்கு வச்சுத் தர்றீகளா?" அவள் பதிவேட்டை விரலால் தட்டினாள். "குறைங்க."

"குறைச்சா ரெண்டாவதா வருவ."

"வாரேன்."

கிழவர் பதினெட்டு என்று எழுதினார். கூட்டி, தொண்ணூற்று நான்கு என்று எழுதினார். ஒச்சாயி மேஜைமேல் குனிந்து, காலையில் 'மோசடி' என்று எழுதுவதற்காகக் காலியாக விட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இங்க எழுதுங்க. ரெண்டாம் பரிசு. கையால செஞ்சது. ஒச்சாயி."

எழுதினார்.

"இனிஷியலை விட்டுட்டீக" என்றாள் அவள்.